தாடைக்குக் கம்பி, தெருவுக்கு விரதம்

தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரம் வலியசாலையில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. கர்க்கடக மாதம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஆடி என்பார்கள். எங்கள் அக்ரகாரத்தில் தமிழ்தான் பேசினாலும் மாதங்களுக்கு மலையாளப் பெயர்தான் வாயில் வரும். விடாத மழை, வீட்டுக்கு வீடு ராமாயண வாசிப்பு. எனக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரே பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

என் தாடையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கீழ்த்தாடை மேல்தாடையைவிட அரை விரல் முன்னால் நிற்கும். முன்பற்கள் மேலும் கீழும் ஒன்றையொன்று தொட்டதே கிடையாது. அப்பளத்தைக் கடிக்க வராது, உடைத்துக் கடைவாய்க்குத் தள்ள வேண்டும். சாதத்தை மென்று முடிப்பதற்குள் பாதி வெளியே எட்டிப் பார்க்கும். வீட்டுக்குள் இருக்கும்வரை இது ஒரு பெரிய விஷயமில்லை. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், ஒரு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தேன். எதிர்வரிசையில் இரண்டு பெண்கள் தங்கள் தாடையை முன்னால் தள்ளி, என்னைப்போலவே மென்று காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் நான் உட்காரவில்லை. இலை போடும்போதே ஓடிப்போய்ச் சாம்பார் வாளியைக் கையில் எடுத்துக்கொள்வேன். வாளி கையில் இருந்தால் "வந்து உக்காரு" என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். எல்லாப் பந்தியும் முடிந்தபிறகு சமையல்கட்டு மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவேன். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. தெருவில் எனக்கு எப்படிப்பட்ட பேர் தெரியுமா? "அவளை மாதிரி பரிமாற ஆள் கிடையாது, தான் சாப்பிடணும்கிற எண்ணமே அவளுக்கு வராது!" எனக்கோ பாயச வாளியோடு நடக்கும்போதெல்லாம் அந்த வரிசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று வயிறு எரியும்.

அந்த வருஷம் ஒரு பல்வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் விஷயம் ஆரம்பித்தது. என்னைப் பார்த்தவர் ஒரு சின்ன வயது மலையாளி டாக்டர். வாயைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சேச்சி இத்ரயும் காலம் எங்ஙனெயா ஆகாரம் கழிச்சது?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் எப்படிச் சாப்பிடுகிறாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். பல்வரிசையில் குற்றமில்லை, தாடை எலும்பை அறுத்துப் பின்னால் தள்ளிவைத்தால் சரியாகிவிடும், ஆனால் ஆறு வாரம் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுவோம் என்று விளக்கினார். வலிக்குமா, முகம் எப்படி ஆகும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. "பந்தியில் உட்கார்ந்து எல்லாரோடும் சாப்பிட முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பேடிக்கண்டா சேச்சி, சிங்ஙத்தில சத்ய உண்ணாம்" என்றார். பயப்படாதே, ஆவணியில் விருந்தே சாப்பிடலாம் என்று ஒரு டாக்டரே சொன்னபிறகு எனக்கு வேறென்ன வேண்டும்?

கர்க்கடகத்தில் கல்யாணம் கிடையாது, யாரும் பரிமாறக் கூப்பிட மாட்டார்கள் என்று கணக்குப் பண்ணி, கர்க்கடகம் பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே ஆபரேஷனுக்கு நாள் குறித்தேன். என் கணவரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை. பையன் காலேஜில் படிக்கும் வயதில் அம்மா முகத்தை அறுத்துச் சீர்பண்ணிக்கொள்கிறாள் என்றால் தெரு சும்மா இருக்குமா? "இந்த வயசுல இவளுக்கென்ன சிங்காரம்" என்று பத்து வருஷத்துக்குப் பேசுவார்கள். நாகர்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன்.

பத்தாம் நாள், கொட்டுகிற மழையில், புடவைத் தலைப்பால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினேன். கன்னம் இரண்டும் பூரியாக உப்பியிருந்தது. கீழுதடு மரத்துப்போய், தண்ணீர் வழிந்தால்கூடத் தெரியாது. உதட்டைப் பிரித்தால் கம்பி மின்னும். அதனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குள் நுழைந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, எதிர்வீட்டு மாமி வந்துவிட்டாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். நல்லவள்தான், ஆனால் அவள் காதில் விழுந்தது மறுநாள் கோயில் குளக்கரை வரைக்கும் போய்விடும்.

"ஏண்டி, பத்து நாளா ஆளையே காணலியே? அக்கா ஆத்துல எல்லாரும் சுகம்தானே?" என்றாள். நான் அவளைப் பார்த்து விழித்தேன். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. திணறிப்போய், "அவ பேசமாட்டா மாமி. கர்க்கடகம் முடியற வரைக்கும் பேசப்படாது" என்றார்.

"ஆகாரம்?"

"கட்டியா ஒண்ணும் கிடையாது. பால், மோர், கஞ்சித்தண்ணி, அவ்வளவுதான்."

"எத்தனை நாளாக்கும்?"

"மொத்தம் நாற்பத்திரண்டு நாள்."

மாமி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "பகவானே! நாற்பத்தோரு நாள் மண்டலத்துக்கும் ஒரு நாள் ஜாஸ்தி! மௌன விரதமா? நம்ம தெருவுல இதுவரைக்கும் யாரும் இருந்ததில்லையே!" என்று சொல்லி, என் முகத்தை உற்றுப் பார்த்து, "முகத்துல என்ன தேஜஸ் பாருங்கோ!" என்றாள். வீக்கத்தைத்தான் சொன்னாள். நான் நகர்வதற்குள் சட்டென்று குனிந்து என்னை நமஸ்காரம் பண்ணிவிட்டுப் போய்விட்டாள்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "ஏன் பொய் சொன்னேள்?" என்று கிழியக் கிழிய எழுதிக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "நான் சொன்னதுல எது பொய்? ஒவ்வொண்ணா காட்டு பார்ப்போம்" என்றார். மனுஷர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாளிலிருந்து வீடு கோயிலாகிவிட்டது. ஒருத்தி இளநீர் கொண்டுவருவாள், ஒருத்தி நீர்மோர், ஒருத்தி பாயசத்தை வடிகட்டி ஒரு டம்ளர். விரதக்காரிக்குக் கொடுத்தால் புண்ணியமாம். அவர்கள் முன்னால் நான் குடிக்க முடியாது. போனபிறகு பின்கட்டில் உட்கார்ந்து, ரப்பர் குழாயைக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் உள்ள சந்தில் விட்டு மெதுவாக இறக்குவேன். வாந்தி வந்தால் உடனே கம்பியை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சடைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், என் கணவர் ஒரு கட்டிங் பிளேயரைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கோயிலுக்குப் போகும்போதுகூட எடுக்க மாட்டார். பாவம், நான் சாப்பிட முடியாதபோது அப்பளம் நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்கக்கூடாது என்று உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷமும் வந்தது. வந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு உடனே போவதில்லை. பதில் பேசாத ஒருத்தி கிடைத்தால் யாருக்குத்தான் பேசத் தோன்றாது? முட்டுவலி, மருமகளோடு மனஸ்தாபம், ஊரை விட்டுப்போன தம்பி, எல்லாம் கொட்டினார்கள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். முன்னால் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தபோது இவர்கள் இலைகளைத்தான் எனக்குத் தெரியும். யாருக்குப் புளி ஆகாது, யாருக்கு ரசம் இரண்டு தடவை வேண்டும் என்று தெரியும். மனுஷர்களாக அவர்களைத் தெரிந்துகொண்டது அந்த மழைக்காலத்தில்தான். சிரிப்பு வந்தால் மட்டும் கஷ்டம், தாடை இழுக்கும்.

ஒருநாள் எதிர்வீட்டு மாமி தன் பெண்ணைப் பற்றிச் சொல்லிக் கண்கலங்கினாள். இரண்டு வருஷமாக வரன் பார்க்கிறார்கள், ஒன்றும் அமையவில்லை. பிள்ளைக்கு லீவு அப்போதுதான் என்பதால், கர்க்கடகம் என்றும் பாராமல் மறுநாள் பாலக்காட்டில் ஒரு இடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். "இது நடந்துடுமோடி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் என்ன செய்வேன்? தலையை ஆட்டினேன். வேறு எதுவும் எனக்கு அப்போது வராது.

நடந்துவிட்டது. சிங்ஙம் மூன்றாவது வாரம் முகூர்த்தம் என்று நிச்சயமாகிவிட்டது. மாமி கற்கண்டோடு ஓடிவந்தாள். "உன் விரதத்தோட பலனாக்கும் இது. முதல் பந்தி நீதான் பரிமாறணும். உன் கை பட்டுத்தான் என் பொண்ணோட கல்யாணச் சாப்பாடு ஆரம்பிக்கணும்" என்றாள். தலை ஆட்டிப் பழகிப்போன தலை, அதற்கும் ஆடித்தொலைத்தது.

அவள் போனபிறகுதான் உறைத்தது. எந்த ஆசைக்காகத் தாடையை அறுத்துக்கொண்டேனோ, அந்த ஆசைக்கு நானே குழி தோண்டியிருக்கிறேன். இனிமேல் இந்தத் தெருவில் எந்த விசேஷம் வந்தாலும் முதல் வாளி எனக்குத்தான். விரதக் கை ஆயிற்றே! முடியாது என்று சொல்ல வேண்டுமானால் ஆபரேஷனைச் சொல்ல வேண்டும். ஆபரேஷனைச் சொன்னால், நமஸ்காரம் பண்ணினவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தில், "பேசாமல் பழைய தாடையோடேயே இருந்திருக்கலாம்" என்று எழுதி என் கணவரிடம் காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கர்க்கடகக் கடைசியில் கம்பியை எடுத்தார்கள். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே செருகி, தினம் ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்பது டாக்டர் கொடுத்த பயிற்சி. ஒரு மத்தியானம் கண்ணாடி முன்னால் நின்று பதினோராவது குச்சியைச் செருகிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வழிகிறது, வாயில் எச்சில் வழிகிறது. கண்ணாடியில் எனக்குப் பின்னால் எதிர்வீட்டு மாமி தெரிந்தாள். கையில் குங்குமச்சிமிழும் முதல் கல்யாணப் பத்திரிகையும்.

"இது என்ன விரதம்டி?" என்றாள்.

குச்சிகளை உருவிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மரத்த உதட்டோடு, குழறிக் குழறி, அழுதுகொண்டே சொன்னேன். தாடை, அந்த இரண்டு பெண்கள், வாளி, சமையல்கட்டு மூலை, ஆஸ்பத்திரி, ஒன்றையும் விடவில்லை. மாமி கேட்டுக்கொண்டே நின்றாள். முடித்ததும் அவள் முகம் சிவந்திருந்தது.

"நான் உன்னை நமஸ்காரம் பண்ணினேனேடி! உன்னைவிட எட்டு வயசு மூத்தவளாக்கும் நான்!" என்று ஒரு சத்தம் போட்டாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இருபது வருஷமா என் இலையில எது வேணும்னு உனக்குத் தெரியும். உனக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவைகூட நான் கேட்டதில்லையே" என்று சொல்லி, பத்திரிகையை மேஜைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அதற்கப்புறம் கல்யாணம் வரைக்கும் அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. தெருவில் மற்றவர்களும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மாமி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள் என்று தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் பரிமாறுகிறேன் என்று தலையாட்டியிருக்கிறேன். வாளியைத் தூக்குவோம், கடைசித் தடவையாக இருந்தாலும் இருக்கட்டும் என்று கிளம்பினேன்.

முகூர்த்தம் முடிந்து முதல் பந்திக்கு இலை போட்டார்கள். நான் வழக்கம்போலச் சாம்பார் வாளியைக் கையில் எடுத்தேன். மடிசாரும் வியர்வையுமாக மாமி வேகமாக வந்தாள். பெண்ணுக்கு அம்மா, அவளுக்கு அந்த நேரத்தில் ஆயிரம் வேலை. வந்தவள் என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினாள்.

"போய் உக்காரு."

"மாமி, நான் பரிமாறறதா வாக்குக் கொடுத்திருக்கேனே..."

"நீ எங்கே வாக்குக் கொடுத்தே? தலையைத்தானே ஆட்டினே? உக்காருடி!"

வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேர் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு பந்தியில், ஒரு முழு இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மாமி வாளியோடு என் எதிரில் வந்து நின்று, "உனக்கு என்ன பிடிக்கும்? சொல்லு" என்றாள். "ஓலன்" என்றேன். தேங்காய்ப்பாலில் வெந்த பூசணிக்காயை அவளே போய் எடுத்துவந்து, இரண்டு கரண்டி விட்டாள்.

எனக்குச் சாதாரணச் சாதம் மெல்லவே அப்போது நேரமாகும். சின்னச் சின்ன வாயாக, தாடை புது இடத்தில் பழகப் பழகத்தான் உள்ளே போகும். எங்கள் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் சேர்ந்துதான் எழுந்திருக்க வேண்டும். ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் அது அவமரியாதை. நான் ரசத்தில் இருக்கும்போதே வரிசை முழுக்க மோரை முடித்துவிட்டது. வாசலில் பிள்ளை வீட்டார் அடுத்த பந்திக்காக நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போதும் என்று இலையை மடிக்கப் போனேன். பின்னாலிருந்து மாமி என் தோளை அழுத்தினாள். "மடிக்காதே. உனக்கு இன்னும் பாயசமே வரலை."

அப்போது என் வலதுபக்கத்தில் இருந்தவள், மோர்சாதமும் முடித்துக் கையைக் காயவிட்டு உட்கார்ந்திருந்தவள், "எனக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடுங்கோ" என்றாள். அவளுக்குப் பசி இருந்திருக்க முடியாது. உடனே இடதுபக்கத்தில் இருந்தவள், "எனக்கும் ஒரு பிடி" என்றாள். அதற்கப்பால் ஒருத்தி ஊறுகாய் கேட்டாள், இன்னொருத்தி திரும்பவும் ரசம் கேட்டாள். வரிசையில் ஒவ்வொருத்தியாக மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை, என் தாடையைப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும், "இங்கே ஒட்டிண்டிருக்கு" என்று இடது கையால் என் மோவாயில் இருந்த பருக்கையைத் துடைத்துவிட்டுத் தன் இலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

வாசலில் பிள்ளைக்குப் பெரியப்பா, "என்ன ஓய், முதல் பந்தி இன்னும் எழுந்திருக்கலையா?" என்று குரல் கொடுத்தார். அங்கே நின்றிருந்த என் கணவர் கைகூப்பி, "ஒரு பத்து நிமிஷம் மாமா. என் ஆத்துக்காரி சாப்பிட்டுண்டிருக்கா" என்றார். ஒரு பெரிய பதவி கிடைத்ததைச் சொல்வதுபோல அதைச் சொன்னார்.

பாயசமாக அடைப்பிரதமன் வந்தது. அதில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். நானும் நொறுக்கிப் போட்டு, ஊறவிட்டு, விரலால் வழித்து வாயில் வைத்தேன். என் முன்பற்கள் மேலும் கீழும் ஒன்றையொன்று தொட்டன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தாமல், நன்றாகத் திறந்து, சத்தம் போட்டுச் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று கேட்காமலே வரிசை முழுக்கச் சிரித்தது. மோரும் குடித்து முடித்தபிறகு எல்லாரும் ஒன்றாக எழுந்தோம்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மழைநாளில் தாடை கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், கீழுதட்டில் ஓர் ஓரம் இன்னும் மரத்தேதான் இருக்கிறது. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதல் ஆளாகப் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறேன். உட்கார்ந்ததும் அந்த வரிசையில் யார் மெதுவாகச் சாப்பிடுகிறார்கள் என்று என் கண் தானாகத் தேடும். அவர்கள் மோருக்கு வரும்வரைக்கும், வயிறு நிறைந்திருந்தாலும், "எனக்கு இன்னும் ஒரு பிடி சாதம்" என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.